முதலாளிக்குச் சம்பளம் கிடையாது

"சார், மாசம் அம்பதாயிரம் எனக்குச் சம்பளம்னு எழுதிடுங்க. லாபம் குறையும், வரியும் குறையும்." மார்ச் பிறந்தால் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இந்தப் பல்லவிதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மளிகைக்கடைக்காரர், லேத் பட்டறைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் எல்லோருக்கும் யாரோ ஒரு மச்சான் சொல்லியிருக்கிறார்.

மச்சான் சொன்னது தப்பு. தனியாள் நடத்தும் தொழிலில் சட்டத்தின் கண்ணுக்குக் கடையும் நீங்களும் ஒரே ஆள். பான் எண் ஒன்று, வரிக்கணக்கு ஒன்று. உங்களுக்கு நீங்களே எப்படி முதலாளியும் வேலைக்காரருமாக இருப்பீர்கள்?

ஆண்டு லாபம் 9 லட்சம் என்று வையுங்கள். 6 லட்சத்தைச் சம்பளம் என்று எழுதி, மிச்சம் 3 லட்சம் என்று காட்டினால், அந்த 6 லட்சத்தைத் திரும்பச் சேர்த்து 9 லட்சத்துக்கே வரி போடுவார்கள். ஒரு பைசா எடுக்காமல் கடையிலேயே விட்டாலும் 9 லட்சம்தான். மொத்தத்தையும் எடுத்துச் செலவழித்தாலும் 9 லட்சம்தான். முதலாளி எடுக்கும் பணத்துக்கு 'எடுப்புகள்' என்று பெயர். அது போட்ட முதலிலிருந்து கழியும், செலவில் சேராது. வீட்டில் பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் கேளுங்கள், சொல்லிவிடும்.

சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உங்களுக்குக் கிடையாது. விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை உத்தேச லாபமாகக் காட்டுபவர்களோ எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது. பிறகு சம்பளப் பேச்சு எதற்கு?

சம்பளம் எழுத இடம் உண்டு, வேறு அமைப்புகளில். கூட்டு வியாபாரத்தில் உழைக்கும் பங்குதாரருக்கு ஊதியம் தரலாம். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 2024-25 முதல், லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், இதில் எது கூடுதலோ அது. அதற்கு மேல் 60 சதவீதம். இதுதான் உச்சவரம்பு. பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர் முறையாகச் சம்பளம் வாங்கலாம்.

மற்ற கதைகளையும் முடித்துவிடுவோம்.

'கம்பெனியே என்னுடையது, கடனாக எடுத்துக்கொள்கிறேன்.' பிரைவேட் லிமிடெட்டில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமைப் பங்கு உங்களிடம் இருந்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அந்தக் கடனையே ஈவுத்தொகையாக எண்ணி வரி கேட்பார்கள்.

'மனைவி பெயரில் சம்பளம் போடுவேன்.' அதற்கேற்ற தொழில்திறமோ தகுதியோ அவருக்கு இல்லையென்றால் அந்தப் பணம் உங்கள் வருமானத்திலேயே வந்து சேரும்.

'வீட்டுக்கு எடுத்த சரக்குக்குக் கணக்கு எதற்கு?' அந்தச் சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி வரவைத் திருப்ப வேண்டும்.

'கல்லாவில் இருப்பதெல்லாம் என் பணம்.' அதில் அரசாங்கத்தின் ஜிஎஸ்டியும் மொத்த வியாபாரியின் பாக்கியும் கிடக்கின்றன. லாபத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே போனால் முதல் கரைந்து, வங்கி மேலாளர் கையை விரிப்பார்.

சம்பளம் கிடையாது என்றேனே தவிர, பணமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு தொகையை முடிவு செய்து, 1ஆம் தேதி கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தத் தொகைக்குள் குடும்பம் நடத்துங்கள். கடைப் பையனுக்குக்கூட பி.எஃப். கட்டுகிறீர்கள், உங்களுக்கு யார் கட்டுவார்கள்? அஞ்சலகத்தில் பிபிஎஃப் கணக்கு தொடங்கினால் வருடத்துக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம், 15 வருடத்தில் முதிரும். முப்பது வருடம் கடை நடத்திவிட்டு, அறுபது வயதில் மகனிடம் மாத்திரைக்குக் காசு கேட்கும் முதலாளிகள் இந்த ஊரில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். அடுத்த மார்ச்சில் சம்பளம் எழுதச் சொல்லி வராதீர்கள். பிபிஎஃப் பாஸ்புத்தகத்தோடு வாருங்கள்.