கடித முகப்பும் தற்புகழ்ச்சியும்: நன்னூற் பாயிர விதிவழி ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர் தம் பெயர், பட்டம், முகவரி ஆகியவற்றை அச்சிட்டு வைத்துக்கொள்ளும் கடிதத்தாளின் முகப்பை, தற்புகழ்ச்சி குறித்து நன்னூல் கூறும் விதிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கடிதங்கள் முதன்மைச் சான்றாகின்றன.

திறவுச்சொற்கள்: கடித முகப்பு, சிறப்புப்பாயிரம், தற்புகழ்ச்சி, சீட்டுக்கவி, ஆவணப் பதிவு

முகப்பு என்னும் பாயிரம்

கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பிப்போர் நாளையும் விளியையும் தவறாது பெயர்த்தெழுதுவர். தாளின் தலையில் அச்சாகியுள்ள பகுதியோ எளிதில் விடுபட்டுவிடும். பேச்சுவழக்கில் லெட்டர்பேடு எனப்படும் இத்தாளின் முகப்பு, இனி எழுதப்படவிருக்கும் கடிதங்கள் அனைத்திற்கும் முன்னதாகவே எழுதப்பட்டுவிடுவது. ஆதலின் அதனைப் பாயிரம் எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் பவணந்தியார் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த எட்டனுள் ஒன்றாகிய ‘கேட்போர்’ இங்கு இல்லை. அலுவலருக்கும் நண்பருக்கும் ஒரே முகப்பே செல்கிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோரே. எத்துறை முற்றியவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. முகப்பில் அவ்வேலையை உடையவரே செய்துகொள்கிறார். எனினும் நன்னூல் புலவர்க்கு நான்கு விலக்குகளைத் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தம் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வெல்ல வேண்டியபோது, எதிரி பழித்தபோது. முதல் விலக்கின் வழிவந்ததே சீட்டுக்கவி. 1919இல் பாரதியார் எட்டயபுர மன்னருக்கு விடுத்தவை இம்மரபின. ஓலைக்கு உரிய அவ்விலக்கு தாளுக்கும் பொருந்துமா என்பதே இங்கு வினா.

இருமுறை அச்சான முகப்பு

எடுத்துக்கொண்ட கடிதங்கள் இருவகையின. ஓய்வூதியப் பாக்கி கேட்டு அலுவலகம் ஒன்றுக்கு ஆசிரியர் விடுத்த விண்ணப்பங்களுக்கு, அதே தாளில் அவர் எழுதி வைத்துக்கொண்ட படிகள் ஒருவகை. உடன்பயின்ற நண்பருக்கு எழுதியவை மறுவகை. இவற்றை நண்பர் வீட்டார் கம்பியில் கோத்து வைத்திருந்தனர்.

முதல் அச்சில் இடப்புறம் வள்ளுவர் உருவப் பிளாக், பிள்ளையார் சுழி இல்லை, ‘புலவர்’ என்னும் அடையுடன் பெயர், ‘தமிழாசிரியர்’ என்னும் பணி, ஊர். அஞ்சல் குறியீட்டெண் மையால் பின்னர்ச் சேர்க்கப்பட்டிருத்தலின் தாள் 1972க்கு முன் அச்சானதாகலாம். ‘லை’, ‘னை’ ஆகியன பழைய கொம்பு வடிவில் உள்ளன. ஆனால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னும் சிற்றூர் அச்சகங்களில் பழைய அச்செழுத்துகளே கிடந்தமையால், இதனைக் காலக்கணிப்புக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது. ஓய்வுக்குப்பின் ‘தமிழாசிரியர்’ என்பதை அடுத்து ‘ஓய்வு’ என்னும் சொல் பிறைக்கோட்டினுள் கையால் எழுதப்பட்டுள்ளது.

இரண்டாம் அச்சு வேறுவகை. பயின்ற கல்லூரி, பணியாற்றிய பள்ளிகள், நடத்திய மன்றம், பெற்ற பாராட்டுகள் எனத் தாளின் மூன்றிலொரு பங்கை முகப்பே கொள்கிறது. ஆட்சியாண்டு ஏற ஏற நீளும் சோழர் மெய்க்கீர்த்தி நினைவுக்கு வரும். இவ்வாய்வாளரும் முதலில் இதனை முதுமைத் தற்பெருமை என்றே குறித்துக்கொண்டார். விண்ணப்பங்களை நாள்வரிசைப்படுத்தியபின் அக்குறிப்பை அடிக்க நேர்ந்தது. பணிக்காலச் சான்று போதாது என அலுவலகம் மீண்டும் மீண்டும் திருப்பியபின்னரே இம்முகப்பு அச்சாகியுள்ளது. முகப்பிலுள்ள பள்ளிகளின் வரிசை, விண்ணப்பத்தில் கேட்கப்பட்ட பணி விவர வரிசையே. தம்மை அறியாதாரிடையே, மன்றத்துக்கு விடுத்த ஓலையில் புலவர் ஒருவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். நன்னூலின் இரண்டு விலக்குகளும் ஒருங்கே பொருந்துகின்றன.

முகப்பின் எல்லையைச் சட்டமும் வரைந்துள்ளது. பத்ம விருதுகளைப் பெயரின் முன்னோ பின்னோ சேர்க்கலாகாது என உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. அரசுச் சின்னத்தை முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் அரசுப் பொறுப்பாளர்களையும் கட்டுப்படுத்தும். இவை எதைச் சொல்லலாகாது என்பன. யாரிடம் சொல்லலாகாது என்பதற்கு நண்பரின் கம்பியையே பார்க்க வேண்டும்.

மறுபக்கம்

இரண்டாம் அச்சுத் தாளிலேயே நண்பருக்கும் எழுதியுள்ளார். ஆனால் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில். ‘புலவர்’ என்னும் அடை இல்லை, கையொப்பமும் முதலெழுத்து மட்டுமே. சிக்கனம் எனலாம். சிக்கனமாயின் இருபக்கமும் எழுதியிருப்பார். முகப்புப் பக்கத்தின் கீழ்ப்பகுதி எல்லாக் கடிதங்களிலும் வெறுமையாகவே உள்ளது. கேட்போர் இல்லாத பாயிரத்திற்குக் கேட்போரை அவரே வகுத்துக்கொண்டார் எனக் கொள்வதே பொருந்தும்.

ஆதலின் கடிதங்களை ஆவணப்படுத்துவோர் முகப்பின் வாசகம், பிளாக், கைத்திருத்தம் ஆகியவற்றோடு, எழுத்து எப்பக்கத்தில் உள்ளது என்பதையும் பதிதல் வேண்டும். நண்பரின் கடிதங்களை இவ்வாய்வாளர் முதன்முறை மின்படி எடுத்தபோது எழுதிய பக்கத்தை மட்டுமே எடுத்திருந்தார். மறுபக்கத்திற்காக அவ்வூருக்கு மீண்டும் செல்ல வேண்டியதாயிற்று.