காடும் கிராம சபையும்

சேலத்திற்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. கோடையில் ஏற்காட்டிற்கு வருவோர் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். மலையாளிப் பழங்குடியினருக்கோ அம்மலையே தாயகம். உச்சியிலுள்ள குகைக் கோயிலில் சேர்வராயரை அவர்கள் வழிபடுகின்றனர்.

அம்மலையில் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டும் உண்டு. அது வெட்டப்பெற்று மேட்டூர் ஆலைக்குச் சென்றதும் உண்டு. காப்புக்காடு எதற்குப் பயன்படவேண்டும் என்பதை நெடுங்காலம் அலுவலகங்களே முடிவு செய்தன; காட்டில் வாழ்வோரைக் கேட்பார் இலர்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மக்கள் வழிவழியாகப் பேணிவந்த காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கு வழங்கிற்று. அக்காட்டுக்குரிய திட்டத்தைச் சபையின் குழுவே வகுக்கலாம் என 2012-இல் திருத்தப்பெற்ற விதிகள் கூறின. சபையோருள் பாதிப்பேரேனும் கூடவேண்டும். கூடியோருள் மூன்றிலொரு பங்கினரேனும் பெண்களாதல் வேண்டும். நல்ல விதி! சுள்ளி பொறுக்கவும் சுனைநீர் முகக்கவும் காட்டுக்குள் செல்வோர் அவர்களல்லரோ?

இச்சட்டத்தின் வலிமையை ஒடிசாவிலுள்ள நியம்கிரி மலை காட்டிற்று. பாக்சைட் நிறைந்த அம்மலையைத் தம் தெய்வத்தின் உறைவிடமாக டோங்கிரியா கோந்து மக்கள் போற்றுகின்றனர். உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2013-இல் அங்கே 12 கிராம சபைகள் கூடின. ஒன்றேனும் சுரங்கத்திற்கு இசையவில்லை. 2014-இல் நடுவணரசும் அனுமதி மறுத்தது.