விளங்காததற்குத் தலையாட்டாதே

அன்பின் மருமகளுக்கு,

பாரிஸின் ருவாசி விமான நிலையத்தில் உனக்குத் தரைப்பணி வேலை கிடைத்த செய்தியை அம்மா தொலைபேசியில் சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. “பிரெஞ்சுதான் பயமாம், ஏதாவது எழுதுங்கோ அண்ணா” என்றும் சொன்னாள். அங்கே கனகாலம் விமானத்தடியில் பெட்டி ஏற்றி இறக்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வகுப்பில் நீ படித்த பிரெஞ்சு வீண்போகாது. ஆனால் விமானத்தடியில் எவரும் முழு வாக்கியம் கதைப்பதில்லை. எஞ்சின் இரைச்சல், காதில் அதைத் தடுக்கும் கவசம், முகத்தில் மழை. இவற்றுக்கு நடுவே இரண்டு சொல்லும் ஒரு கைச்சைகையும்தான் உன்னிடம் வந்து சேரும். ஆகவே சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதே. விமானம் வந்து நின்று, திரும்பப் போகும்வரை நடக்கும் வேலையின் ஒழுங்கிலேயே படி.

ஏ320 ஒன்று தரிப்பிடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள். எஞ்சின் நின்று, விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் விட்டு விட்டு மின்னும் சிவப்பு விளக்கு அணையும்வரை கிட்டப் போகக்கூடாது. அந்த விளக்குத்தான் ‘ஃபு ஆந்திகொலிசியோன்’. நீ படிக்கும் முதற் சொல் இதுவாக இருக்கட்டும். ஓடும் எஞ்சின் ஆளையே உள்ளே இழுத்துவிடும். விளக்கு அணைந்ததும் முன்சில்லுக்குக் ‘கல்’ வைப்பார்கள். ஊரில் மேட்டில் நிறுத்தும் லொறிச் சில்லுக்குக் கல் வைப்பார்களே, ஒலியும் அதேதான், வேலையும் அதேதான். பிறகு கூம்புகள், தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ‘குரூப்’, பயணிகளுக்குப் ‘பாஸ்ரெல்’ என்ற நடைபாலம் அல்லது ‘எஸ்கபோ’ என்ற படிக்கட்டு, பெட்டிகளுக்கு ‘தப்பி’ என்ற ஓடும் பட்டை. புத்தகத்தில் விமானத்தைப் பின்னால் தள்ளுவதற்கு ‘ரெபுசாஜ்’ என்று இருக்கும். களத்தில் ‘லு புஷ்’ என்பார்கள். பரீட்சைக்கு முன்னையது வேண்டும், வேலைக்குப் பின்னையது வேண்டும். இரண்டையும் படி.

பெட்டி அறைக்கு ‘ஸுத்’ என்று பெயர். முன்னறை ‘ஸுத் அவான்’, பின்னறை ‘ஸுத் அரியேர்’. எந்த அறையில் எவ்வளவு பாரம் என்று எழுதிய தாளை வைத்துத்தான் விமானத்தின் எடை எங்கே குவிகிறது என்று கணக்கிடுகிறார்கள். விமானி அந்தக் கணக்கை நம்பித்தான் மேலே எழுப்புகிறார். முன்னறைக்குச் சொன்ன பாரம் பின்னறைக்குப் போனால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். பெட்டிதானே, எங்கே இருந்தால் என்ன என்று ஒருநாளும் நினைக்காதே.

சொற்களைப் படிப்பது கடினமில்லை. ஒலியைப் பிரித்துக் கேட்பதுதான் நம் காதுக்குக் கடினம். விமானத்தின் நிறுத்தத் தடை ‘ஃப்ரான் து பார்க்’. அது பிடித்திருந்தால் ‘செர்ரே’, விட்டிருந்தால் ‘தெசெர்ரே’. முன்னால் ஓர் அசை கூடுகிறது, பொருள் தலைகீழாகிவிடுகிறது. அந்த அசை இரைச்சலில் விழுங்கப்பட்டால், நிற்கிறது என்று நீ நினைக்கும் விமானம் உருளக்கூடியதாக இருக்கும். ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் இதே சிக்கல். ‘தெஸ்யு’ மேலே, ‘தெஸு’ கீழே. முதலாவது சொல்லின் கடைசி உயிரொலி தமிழில் இல்லாததால் நமக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லிப் பழகு, அது பிடிபடும். கண்ணாடியின் முன் நின்று பழகினால் இன்னும் நல்லது.

எண்களையும் இப்போதே தொடங்கு. 97 என்பதை அவர்கள் நான்கு இருபது, பத்து, ஏழு என்று கட்டிச் சொல்வார்கள். முதல் துண்டைக் கேட்டதுமே உன் கை 4 என்று எழுதப் பார்க்கும். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு எழுது. ஆர்இஆர் பி ரயிலில் போகும்போது விமான இலக்கங்களையும் தரிப்பிட இலக்கங்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போ. வானொலியில் ஒன்றை ‘அன்’ என்று சொல்லமாட்டார்கள், தெளிவுக்காக ‘யூனித்தே’ என்பார்கள். இழுவை வண்டி ஓட்டும் நிலைக்கு நீ வரும்போது அது உதவும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேலதிகாரி சொன்னது விளங்காவிட்டாலும் ‘வி, வி’ என்று தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துச் செய்வோம். மரியாதையென்று நினைத்துச் செய்கிறோம். கடையிலோ சமையலறையிலோ அதனால் பெரிய கேடு வராது. விமானத்தடியில் அது கூடவே கூடாது. ‘ரெப்பெத்தே, சில் வூ ப்ளே’, தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள், என்று கேள். பிறகு நீ கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்து. விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் கட்டளைகளை அப்படித்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்களுக்கில்லாத வெட்கம் உனக்கு எதற்கு?

இதே ருவாசியில் 2000 மே 25ஆம் திகதி நடந்ததை நீ அறிந்திருக்கவேண்டும். புறப்பட ஓடிக்கொண்டிருந்த எம்டி-83 விமானம் ஒன்றின் இறக்கை, அதே ஓடுபாதைக்குள் நுழைந்த சிறிய சரக்கு விமானம் ஒன்றின் விமானியறையில் மோதியது. அதிலிருந்த விமானி ஒருவர் இறந்தார். சரக்கு விமானம் எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாட்டாளர் பிழையாக எண்ணியிருந்தார். அவர் பெரிய விமானத்துடன் பிரெஞ்சிலும் சிறியதுடன் ஆங்கிலத்திலும் பேசினார். அதனால் மற்ற விமானம் புறப்படுகிறது என்பது சிறிய விமானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு விசாரணை அறிக்கையே இரு மொழிப் பயன்பாட்டையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அனுபவமுள்ளவர்களுக்கே இது நேர்ந்தது.

சொற்களில் இன்னும் ஒன்று. பாதுகாப்பு என்ற நம் ஒரே சொல்லுக்கு அங்கே இரண்டு சொற்கள். ‘செக்யூரித்தே’ விபத்தைத் தடுப்பது. ‘சுய்ர்த்தே’ வேண்டுமென்று செய்யப்படும் தாக்குதலைத் தடுப்பது. விமானத்தடிக்குப் போகத் தரும் சிவப்பு அடையாள அட்டையைப் பெறுமுன் நீ எடுக்கும் பயிற்சி இரண்டாவதைச் சேர்ந்தது. அந்த அட்டையை எவருக்கும் இரவல் கொடுக்காதே, உடுப்புக்குள் மறைத்தும் போடாதே.

உன் கடமைகளைச் சொல்லும் வேலைத்தாள்கள் பிரெஞ்சில்தான் வரும். 1994ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் அப்படி. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதே. வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்க அனுமதி கேள், இல்லையென்றால் அங்கேயே ஒருவரை விளக்கச் சொல்.

முதல் நாளே உன் குழுத் தலைவரிடம் போய், “எனக்கு விளங்காவிட்டால் திரும்பக் கேட்பேன்” என்று பிரெஞ்சில் சொல்லிவிடு. அந்த ஒரு வாக்கியத்தை இன்றிரவே பழகு.

அன்புடன்,
மாமா