அலைவழி நட்பு

நுழையும்முன்

பொருள் ஈட்டவும் கல்வி கற்கவும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்வது தமிழருக்குப் புதிதன்று. நாமக்கல்லின் சரக்குந்து ஓட்டுநர்கள் நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் செல்கின்றனர். சேலத்து இளைஞர்கள் கடல் கடந்தும் பணிபுரிகின்றனர். சென்ற இடத்தில் முன்பின் அறியாதவரோடு நட்புக்கொள்ள உதவும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. பேரிடர் நேர்ந்தபோது அதுவே உயிர்காக்கும் பணியாக மாறியது. அதனைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

அருகில் தடை, தொலைவில் வழி

சேலம் நகரைச் சேர்வராயன் மலை, கஞ்சமலை, ஜருகுமலை முதலிய மலைகள் சூழ்ந்துள்ளன. நகரிலிருந்து கையடக்க வானொலிக் கருவியில் ஒருவர் பேசினால், அக்குரல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாமக்கல்லை எட்டாமல் போகலாம். அக்கருவி பயன்படுத்தும் மீயுயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் அவை தடைபடும்.

சிற்றலையின் இயல்பு வேறு. அது வானோக்கிச் சென்று, புவிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை பரந்துள்ள அயனி மண்டலத்தில் வளைந்து, மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. ஆகவே, சேலத்திலிருந்து புறப்படும் சிற்றலை, நாமக்கல்லைத் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் இறங்குவதும் உண்டு. இதற்குப் பேராற்றல் வேண்டியதில்லை. பழைய குண்டு விளக்கு ஒன்று எரியத் தேவைப்படும் 100 வாட் ஆற்றலே பெரும்பாலும் போதுமானது.

ஹாம் வானொலி

ஊதியம் கருதாமல், ஆர்வத்தினால் மட்டுமே வானொலிக் கருவிகளை அமைத்து உலகோருடன் உரையாடும் பொழுதுபோக்கே ஹாம் வானொலி. இந்தியாவில் இதற்கு அரசு நடத்தும் தேர்வில் வெற்றிபெற்று உரிமம் பெறவேண்டும். 12 வயது நிறைந்த மாணவரும் தேர்வெழுதலாம். உரிமம் பெற்றவருக்குத் தனி அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். இந்திய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வியூ2', 'வியூ3' எனத் தொடங்கும். அக்குறியைக் கேட்டதுமே பேசுபவர் இந்தியர் என்பதை உலகெங்கும் உள்ள ஹாம் வானொலியாளர்கள் அறிந்துகொள்வர்.

இவ்வலைவரிசையில் வணிகம் பேசுதல் கூடாது. மறைமொழியில் செய்தி அனுப்புதலும் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற உணர்வுடனே ஒவ்வொருவரும் பேசுகின்றனர்.

அயல்நாட்டில் அலைவரிசை

ஹாம் வானொலியாளர் அயல்நாடு சென்றால், தம் விருப்பம்போல் கருவியை இயக்க இயலாது. அந்நாட்டின் இசைவைப் பெற்று, அந்நாட்டுக்குரிய குறியைப் பயன்படுத்தவேண்டும். இலங்கையில் '4எஸ்', சிங்கப்பூரில் '9வி', மலேசியாவில் '9எம்' என அக்குறிகள் அமையும். இசைவு கிடைத்தபின் வேண்டுவன சிறிய கருவியும், மின்கலமும், இரு மரங்களுக்கிடையே கட்டுவதற்கு ஏறக்குறைய 10 மீட்டர் நீளக் கம்பியுமே. விடுதி அறையில் தனித்திருக்கும் பயணிக்கு அக்கம்பி வழியே உலகம் அறிமுகமாகிறது.

அரிதாகவே குரல் ஒலிக்கும் தீவுகளுக்குக் குழுவாகச் சென்று நிலையம் அமைப்பது இப்பொழுதுபோக்கின் பேரின்பங்களுள் ஒன்று. அத்தீவோடு ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும் எனப் பல நாட்டினரும் இரவு பகலாகக் காத்திருப்பர். பேசியதற்குச் சான்றாக அழைப்புக்குறி அச்சிட்ட அட்டைகளைப் பரிமாறிக்கொள்வர்.

போர்ட் பிளேயரில் ஒரு காலை

அத்தகைய தீவுக்கூட்டமே அந்தமான் நிக்கோபார். பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக் குரல் கேட்காத அத்தீவிலிருந்து பேசுவதற்கு, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி உரிய இசைவைப் பெற்று, 2004 டிசம்பரில் குழுவினருடன் போர்ட் பிளேயர் சென்றார். 'வியூ4ஆர்பிஐ' என்ற அவரது அழைப்புக்குறியைக் கேட்டு உலக வானொலியாளர்கள் மகிழ்ந்தனர்.

டிசம்பர் 26 காலை ஏறத்தாழ 6.28 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. விடுதிக் கட்டடம் அதிர்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. தீவுகளில் இருந்தோரின் நிலை அறியாமல் பெருநிலத்து உறவினர்கள் தவித்தனர்.

விளையாட்டாகத் தொடங்கிய பயணம் அக்கணமே மீட்புப் பணியாயிற்று. குழுவினர் தம் கருவிகளை மீண்டும் இயக்கி, பெருநிலத்து ஹாம் வானொலியாளர்களுடன் தொடர்பு கொண்டனர். கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைக்கப்பட்டது. உயிர்பிழைத்தோரின் நலச்செய்திகளும் மீட்புப் பணியினரின் தேவைகளும் அலைவழியே சென்றன. இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் ஹாம் வானொலியாளர்கள் இவ்வாறே தொண்டாற்றினர்.

கேட்டல் எனும் பயிற்சி

ஒரே நாளில் எவரும் இத்தகைய பணிக்கு ஆயத்தமாகிவிட இயலாது. மங்கலான குரலை இரைச்சலிலிருந்து பிரித்தறிதல், பெயரையும் எண்ணையும் பிழையின்றிக் குறித்தல், அறுந்த கம்பியைத் தாமே கட்டுதல் ஆகிய திறன்கள் அவர்களுக்குப் பொழுதுபோக்கின் வழியே வாய்த்தன. பேசுமுன் அலைவரிசையைக் கேள் என்பதே ஹாம் வானொலியாளர் கற்கும் முதல் ஒழுங்கு. கேட்டலின் சிறப்பை உணர்த்த வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வொழுங்கில் பழகியவர்களுக்கு, ஆபத்தில் அழைத்தோரின் மெல்லிய குரலும் தெளிவாகக் கேட்டது.

தெரிந்து தெளிவோம்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், ஹாம் வானொலியாளர்களுக்காக 'ஹாம்சாட்' என்னும் 42.5 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தியது. முன்னாள் தலைமையமைச்சர் இராஜீவ் காந்தியும் ஹாம் வானொலியாளரே. அவரது அழைப்புக்குறி 'வியூ2ஆர்ஜி'.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சூழ்ந்துள்ள மலைகளை வரைபடத்தில் குறித்து, வானொலி அலைகள் எத்திசையில் தடைபடும் என்பதைக் கலந்துரையாடுக.

2. நீங்கள் விரும்பும் பொழுதுபோக்கு, பிறருக்கு எவ்வகையில் பயன்படக்கூடும் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.