எலும்பு முள்ளும் எட்டு மணி நேர வேலையும்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர், சுற்றுவட்டார ஊர்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண், தென்காசி ஜவுளிக்கடையில் நின்றபடியே சேலை விரித்துக் காட்டுபவர். இவர்களில் யாருக்கும் ஒருநாள் எலும்பு முள்ளைக் காட்டும் எக்ஸ்ரே கைக்கு வரலாம். ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று கேட்டதுமே பிழைப்பு போச்சு என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். எக்ஸ்ரேயைவிட உங்கள் வேலையைத்தான் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும்.

மூட்டில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, பரம்பரை, பழைய அடி, உடல் எடை, ஓயாத சுமை ஆகியவற்றால் அது தேயும்போது, மூட்டின் ஓரத்தில் உடல் புது எலும்பைப் போடுகிறது. அதுதான் முள். முள் இருந்தும் வலியே தெரியாதவர்கள் ஏராளம். வலி பெரும்பாலும் தேய்மானத்தாலும் வீக்கத்தாலும் வருகிறது. சிலருக்கு முள் நரம்பை அழுத்துவதால் வருகிறது. குதிகாலிலும் இதே கதைதான். காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முள் அல்ல, உள்ளங்காலின் தசைநார் பட்டை புண்பட்டிருப்பதுதான். பாலும் கேழ்வரகும் சாப்பிட்டதால் முள் முளைக்காது. அவற்றை நிறுத்துவது வீண்.

பீடி வேலைக்கு வருவோம். சம்மணமிட்டு, மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் கவிழ்த்தபடி மணிக்கணக்கில் உட்காரும் வேலை இது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது யார் எழுந்திருப்பார்? அதனால் ஓய்வைக் கடிகாரத்தோடு கட்டாமல் கணக்கோடு கட்டுங்கள். நூறு பீடி முடிந்ததும் எழுந்து பத்து அடி நடந்து, தோளைப் பின்னுக்குச் சுழற்றிவிட்டு உட்காருங்கள். தட்டை மடியிலிருந்து எடுத்து ஒரு பலகைமீது உயர்த்தி வைத்தாலே கழுத்து குனிவது குறையும். முழங்கால் வலி இருந்தால் சம்மணத்தை விட்டு நாற்காலிக்கு மாறுங்கள். கை பழகச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். பெருவிரல் அடிமூட்டு வலித்தால் கத்தரிக்கோலைச் சாணை பிடியுங்கள், இலையை நன்றாக ஊறவிடுங்கள். விரல் கொடுக்கும் அழுத்தம் குறையும்.

மூட்டை தூக்குபவருக்கு நான் யோகாசனம் சொல்லப் போவதில்லை. வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. பெரிய மூட்டையை இரண்டாகப் பிரிப்பதும், தரையிலிருந்து தூக்காமல் இடுப்பு உயரத்திலிருந்து எடுப்பதும், தள்ளுவண்டியைப் பயன்படுத்துவதும் எந்தத் தைலத்தையும்விட மேல். இவை தொழிலாளி ஒருவரால் மட்டும் ஆகிற காரியமல்ல. கமிஷன் கடைக்காரரும் சங்கமும் பேசி முடிக்க வேண்டியவை. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவர்கள் உடனே பதிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சை என்றால் முதலில் உடற்பயிற்சி. தொடையின் முன்தசை வலுத்தால் முழங்கால் மூட்டுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பீடித் தொழிலாளர்களுக்கு முக்கூடலில் தனி மருத்துவமனையே இருக்கிறது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பும் அருவிக் குளியலும் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் எதுவும் முள்ளைக் கரைக்காது. கழுத்துத் தேய்மானத்தோடு கை மரத்துப்போகிறவர்கள் அருவி நீரைப் பிடரியில் வாங்க வேண்டாம். கழுத்தை ‘சொடக்கு’ எடுக்கவும் விட வேண்டாம். கைப்பிடி தளர்ந்தாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை சிலருக்குத்தான் தேவைப்படும். மூட்டு மாற்று சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இருக்கிறது.

கடைசியாக, நின்றே வேலை பார்ப்பவர்கள். மெத்தென்ற செருப்பும் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் உதவும். ஆனால் இடையிடையே உட்காராமல் குதிகால் வலி தீராது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. முதலாளிமாரே, ஸ்டூலை வாங்கிப் போடுங்கள். அதில் உட்கார்ந்தவரை முறைக்காமலும் இருங்கள்.