பத்துக்கு மேல் காத்திரு: கம்ப்யூட்டர் இணைப்பு வரம்பு ஒரு பாடம்



பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கடைவாசலில் நிற்கும்போது பில் போடும் கம்ப்யூட்டர் இணைப்பு இல்லை என்று காட்டினால் கல்லா நின்றுவிடும். உடனே நாம் டெலிபோன் லைனைக் குறை சொல்வோம். ஆனால் சில வேளை வரம்பு போட்டிருப்பது கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸே. இந்தத் தொல்லையை நன்றாக அனுபவித்தவர்கள் இணையத்தில் விளையாடுகிற பிள்ளைகள். அவர்கள் கதை நமக்கும் பாடம்.

2003-ல் பிளாஸ்டர், 2004-ல் சாசர் என்ற புழுக்கள் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து, அங்கிருந்து கணக்கற்ற கம்ப்யூட்டர்களைத் தட்டிப் பார்த்துப் பரவின. இத்தகைய புழுக்களின் வேகத்தைக் குறைக்க, 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாப்ட் ஒரு கட்டுப்பாடு வைத்தது. பதில் வராத இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் 10 மட்டுமே இருக்கலாம். மிஞ்சியவை வரிசையில் நிற்கும்.

மண்டிகளுக்குப் போன் போட்டுச் சரக்கு கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப் பேசிய போன் எத்தனை இருந்தாலும் தடையில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் போன் பத்து ஆகிவிட்டால், பதினொன்றாவது காத்திருக்க வேண்டும். பல கம்ப்யூட்டர்களிடம் ஒரே நேரத்தில் கோப்பு கேட்கும் டவுன்லோடு ஓடினால் அந்தப் பத்தும் நிரம்பிவிடும். விளையாட்டு இணைப்புக் கிடைக்காமல் தவிக்கும். நிகழ்வுப் பதிவேட்டில் 4226 என்ற எண் விழும். பொறுமை இழந்தவர்கள் வரம்பை உடைக்க விண்டோஸ் கோப்பையே மாற்றும் நிரல்களை முன்பின் தெரியாத இடங்களிலிருந்து இறக்கினார்கள். திருடனிடம் பூட்டைக் கழற்றச் சொன்ன கதைதான். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இந்த வரம்பு இல்லை.

நம்மைப் பாதிப்பது வேறொரு வரம்பு. கணக்கு ஒரு கம்ப்யூட்டரில் இருக்க, கவுன்ட்டரும் குடோனும் அதைப் பகிர்ந்து திறக்கிறோம். அப்படித் திறக்க எக்ஸ்பி ஹோமில் 5, எக்ஸ்பி புரொபஷனலில் 10, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 20 கம்ப்யூட்டர்களுக்கே அனுமதி.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. கணக்குக் கம்ப்யூட்டரை எத்தனை இடத்திலிருந்து திறக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வரம்பு மிஞ்சினால் சர்வர் பதிப்பு வாங்குவதே முறை.

2. எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதில் கணக்கு வைக்க வேண்டாம்.

3. கணக்குக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாட்டும் டவுன்லோடும் வேண்டாம்.

4. வரம்பை உடைக்கும் இலவச நிரல் எதையும் ஏற்றாதீர்கள். மிச்சமாவது சில ஆயிரம். போவது வருடக் கணக்கின் பேரேடு.

தராசைச் சரிபார்ப்பதுபோல் கம்ப்யூட்டரையும் சீசனுக்கு முன்பே சரிபார்த்து வைப்போம்.