மழைக்கு முன் சைக்கிள் பிரேக்கைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் பகுதிப் பிள்ளைகள் பலர் நனைந்தபடியேதான் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி, அண்ணன் ஓட்டிக் கழித்த வண்டி, அத்தாவின் பழைய கறுப்புச் சைக்கிள் என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. டயரில் காற்று இருக்கிறதா, பெல் அடிக்கிறதா என்று பார்க்கிறோம். பிரேக்கை மட்டும் நின்ற இடத்தில் ஒருமுறை அழுத்திவிட்டு, "பிடிக்குது" என்று விட்டுவிடுகிறோம். நின்ற இடத்தில் எந்தப் பிரேக்கும் பிடிக்கும். மழையில், கேரியரில் தம்பியும் புத்தகப் பையும் இருக்கும்போது பிடிக்குமா என்பதையல்லவா பார்க்க வேண்டும்!

நம் வீடுகளில் இருக்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை ரிம்மில் பிரேக் கட்டை உரசி நிற்பவை. ஆகவே விரலின் பலத்தைவிட, ரிம் எதனால் ஆனது, கட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிது. குரோமியம் பூசிய இரும்பு ரிம் பார்க்கப் பளபளவென்று இருக்கும். நனைந்தால் கட்டை அதில் வழுக்கும். அலுமினிய ரிம்மும் மழையில் சற்றுப் பின்வாங்கும், ஆனால் இரும்பு அளவுக்கு இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடுகிறது. நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ளி, பிறகுதான் பிடிக்கிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் போகும். அப்படி நான்கு சுற்று வீணானால் 8 மீட்டர். தெருமுனையில் நிற்க வேண்டிய பிள்ளை பேருந்து போகும் சாலைக்கு நடுவே வந்துவிட அது போதும்.

புதிதாக வாங்குவோர் கியர் எத்தனை என்று கேட்பதற்கு முன் ரிம் இரும்பா அலுமினியமா என்று கேளுங்கள். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோனால் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். அலுமினியத்தில் அது ஒட்டாது.

பழைய கறுப்புச் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். லீவரை அழுத்தினால் கம்பி வழியாகக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுந்தும். அறுந்துபோக வயர் கிடையாது என்பது அதன் நன்மை. மழையில் பலவீனம் என்பதை மறுக்க முடியாது. கேலிப்பர் பிரேக்கில் இரண்டு கைகள் ரிம்மை இருபுறமும் இடுக்கிபோல் பிடிக்கின்றன. கைகள் மெல்லிய தகடாகவும் நீளமாகவும் இருந்தால் அழுத்தும்போது அவையே வளையும்; நம் பலத்தில் பாதி அந்த வளைவிலேயே போய்விடும். வி பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஃபோர்க்கில் அதற்கென்று பற்றவைத்த முளைகள் இருந்தால்தான் மாட்ட முடியும். அதற்கு வயரை அதிகம் இழுக்கும் தனி லீவரும் வேண்டும். சாதாரண கேலிப்பர் லீவரோடு வி பிரேக்கை இணைத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு, அதை ஏற்காதீர்கள். ரிம்மைத் தொடாத அளவு இடைவெளி விட்டால், அழுத்தும்போது லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டி நின்றுவிடும்.

இருக்கிற வண்டியே போதும் என்பவர்களுக்கு, குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது நல்ல கட்டைதான். ரப்பர் பழசானால் இறுகி, கண்ணாடிபோல் மினுங்கும். உப்புத்தாளில் தேய்த்தால் கொஞ்ச நாள் வரும். பள்ளங்கள் மறைந்து வழுவழுப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். கட்டையில் மணலோ உலோகத் துணுக்கோ பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள், இல்லையேல் ரிம்மை அரித்துவிடும். பிரேக் கிரீச்சிடுகிறது என்று கட்டையில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் பட்ட ரிம்மைச் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள். எண்ணெயில் ஊறிய கட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டும். ரிம் ஆடிக்கொண்டிருந்தால் கட்டையை நெருக்கி வைக்கவே முடியாது. அடுத்தது கட்டை. அது ரிம்மின் பக்கவாட்டில் முழுமையாகப் பதிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாளில் டயரை அறுத்துவிடும். கீழே இறங்கினால் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். சக்கரம் போகும் திசையில் உள்ள கட்டையின் முன்முனை ஒரு மில்லிமீட்டர் அளவு முந்தித் தொடுமாறு வைத்தால் கிரீச் சத்தம் பெரும்பாலும் போய்விடும். பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே மடித்த அட்டையைச் செருகிக்கொண்டு நட்டை இறுக்கினால் இது எளிது. கட்டை உட்காரும் தகட்டின் ஒரு முனை திறந்திருந்தால், அடைத்த முனை ரிம் சுழலும் திசைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் அழுத்தும்போது ரப்பர் நழுவி வெளியே வந்துவிடும். கடையில் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வாங்கும்போதே குனிந்து பாருங்கள்.

கடைசியாக வயர். கட்டைக்கும் ரிம்முக்கும் இருபுறமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். முழு பலத்தோடு அழுத்தினாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சிறு தளர்ச்சியை வயர் முனையில் உள்ள திருகைச் சுழற்றியே எடுத்துவிடலாம். லீவருக்குள் வயரின் குண்டு உட்காரும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். வயர் பெரும்பாலும் அறுவது அங்கேதான், அதுவும் பலமாக அழுத்தும் நேரத்தில். துருப்பிடித்திருந்தால் மேலுறையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். வண்டி வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதே. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தப் பழக்குங்கள். மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே இரண்டு லீவரையும் லேசாகப் பிடித்து ரிம்மை உலர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமாக அது வலது கை.

காலையில் வாசலில் அரை நிமிடம் போதும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளினால் பின் சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் அன்று பிள்ளை நடந்தோ பேருந்திலோ போகட்டும், சைக்கிள் கடைக்குப் போகட்டும்.